பிரசங்கம் மறந்துபோகிறது, பாட்டு நிற்கிறது: வேதபாடத்துக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் உதவுங்கள்

வியாழன் விளக்கு

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வருடமாக இந்தக் களத்தை வாசிக்க மட்டும் செய்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு வேதபாடம் நடத்துகிறேன். பதினொரு பெண்கள் வருகிறார்கள். தையல் கம்பெனியிலிருந்து நேராக வருகிறவர்கள் உண்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நாலு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன வருடம் லூக்கா சுவிசேஷத்தைத் தொடங்கினோம். வாசிப்பேன், விளக்குவேன், கேள்வி கேட்பேன், கடைசியில் ஜெபம். நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அந்த நாலு பேரில் ஒரு அம்மா சொன்னார்: "நீங்க சொல்றப்போ நல்லா இருக்கும்மா. தெருமுனை தாண்டுறதுக்குள்ள போயிருது. படிச்சவங்க வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்துப் பார்த்துக்குவீங்க. நான் எதை எடுத்துப் பார்க்க?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சின்னப் பாட்டு எழுதத் தொடங்கினேன். இசை படித்தவள் இல்லை, சிறு வயதில் பாடகர் குழுவில் நின்றதோடு சரி. நல்ல சமாரியன், மார்த்தாளும் மரியாளும், காணாமற்போன ஆடு என்று ஒன்பது பாட்டு ஆகிவிட்டது. அந்த அம்மா ஒன்பதையும் பாடுகிறார். பாடிக்கொண்டே கதையை வரிசை மாறாமல் சொல்கிறார்.

இதைச் சபையில் ஒரு பெரியவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "பாட்டு மனசை ஆயத்தப்படுத்தத்தானம்மா. போதிக்கிறது பிரசங்கத்தின் வேலை. பாட்டுக்காக வசனத்தை வளைத்துவிடுவீர்கள்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. உண்மையிலேயே வளைத்துவிட்டேனா?

அடுத்த வாரத்துக்கு எழுதியதைக் கீழே போடுகிறேன். லூக்கா 15, இரண்டு மகன்களின் கதை. சொத்துப் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவன், அவனுக்கு அப்பா விருந்து வைத்ததில் கோபப்பட்டு வெளியே நின்ற மூத்தவன். ஃபோனில் பாடிப் பதிவுசெய்ததையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து தப்பு எங்கே என்று சொல்லுங்கள்.

பல்லவி
தூரத்தில் வந்தவனை அப்பா கண்டார் – தன்
துயரங்கள் எல்லாம் மறந்து ஓடி வந்தார்

சரணம் 1
பங்கைப் பிரித்து வாங்கிப் போன பிள்ளை
பன்றித் தவிட்டுக்கும் ஏங்கி நின்ற பிள்ளை

சரணம் 2
மூத்தவன் கோபத்தை விட்டு உள்ளே வந்தான் – தன்
தம்பியைத் தழுவிக்கொண்டு விருந்து உண்டான்

---

ஓய்வில் ஒரு போதகர்

அன்புள்ள மகளே, முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பாட்டு போதிக்காது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கொலோசெயர் 3:16ஐ எடுத்துப் பாருங்கள். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் "போதித்து புத்திசொல்லி"க்கொள்ளச் சொல்கிறார் பவுல். நம் தமிழ் வேதாகமத்தில் கீர்த்தனை என்ற சொல்லே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போங்கள், உபாகமம் 31. மோசே சாகப்போகிறார். நாற்பது வருடம் அந்த ஜனத்தோடு நடந்த மனிதர். கர்த்தர் அவரிடம், ஒரு பாட்டை எழுதி ஜனங்களுக்குப் படிப்பி, அது அவர்கள் வாயில் இருக்கட்டும் என்கிறார். இவர்கள் என்னை விட்டு விலகுவார்கள், அப்போது அந்தப் பாட்டு சாட்சியாக எதிரே நிற்கும், அவர்கள் சந்ததியின் வாயிலிருந்து அது மறந்துபோகாது என்பதுதான் காரணம். மோசே அன்றைக்கே எழுதினார். 32ஆம் அதிகாரம் அந்தப் பாட்டுதான். போதகன் போன பிறகும் மிஞ்ச வேண்டியதைக் கர்த்தர் பாட்டில் வைத்தார்.

நான் முப்பத்தேழு வருடம் பிரசங்கம் செய்தவன். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் குறிப்பு எழுதி, மூன்று தலைப்பு போட்டு, உதாரணம் தேடி ஆயத்தப்பட்டேன். பிரசங்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது என் உயிர். ஆனால் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாட்டியம்மாவுக்குப் பெற்ற மகனின் பெயரே ஞாபகம் இல்லை. நான் ஒரு கீர்த்தனையைப் பாடும்போது நேரம் ஆகிறதென்று மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டு நாலாவதுக்குப் போனேன். பாட்டியம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தி, விட்ட சரணத்தை அவரே பாடினார். அந்தச் சரணத்தில் இருந்தது பாவமன்னிப்பைப் பற்றிய உபதேசம். அந்தச் சபையில் நான் ஏழு வருடம் பிரசங்கித்திருக்கிறேன், அதில் ஒரு வரி அவரிடம் இருந்ததா என்று தெரியாது.

அப்புறம் உங்கள் பாட்டு. லூக்கா 15:20ஐ இன்னொரு முறை வாசியுங்கள். தகப்பன் துயரத்தை மறந்தான் என்று அங்கே இல்லை. "மனதுருகி" என்று இருக்கிறது. மறப்பது வேறு, உருகுவது வேறு. ஒன்றும் நடக்காதது போல அவர் மறந்துவிட்டு ஓடவில்லை, எல்லாம் தெரிந்தே உருகி ஓடுகிறார். இந்த ஒரு சொல்லைத் திருத்துங்கள். மூத்த மகனைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

---

கீபோர்டு தம்பி

அக்கா, நான் எங்கள் சபையில் இளைஞர் ஆராதனை நடத்துகிறேன். கீர்த்தனை என்றாலே எங்கள் வயதுக்காரர்கள் விலகிப்போகிறார்கள். ராகமும் தாளமும் மேலே அச்சடித்திருக்கிறது, கீழே பாதிச் சொல்லுக்கு அகராதி வேண்டும். இப்போதைய பாட்டுகள் எளிதாக இருப்பதால்தான் பரவுகின்றன. "நான், எனக்கு என்றே எல்லாப் பாட்டும் இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்கிற குறை நியாயம் இல்லை. தாவீது "என் மேய்ப்பர்" என்றுதான் பாடினார்.

ஆனால் உங்கள் பதிவை வாசித்துவிட்டு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய பாட்டு இருபத்திரண்டு. நீர் நல்லவர், நீர் போதும், என்னைத் தாங்கினீர், எல்லாம் உண்மைதான். ஒரு பாட்டாவது ஒரு அதிகாரத்தைத் திறந்து வைக்கிறதா என்று பார்த்தால், இல்லை. யார் எப்போது பாடினாலும் பொருந்தும். அந்த அம்மாவுக்கு என் பாட்டில் எடுத்துப் பார்க்க ஒன்றும் கிடைத்திருக்காது. மனசு கனமாகிவிட்டது.

---

அசையும் சீரும்

தமிழாசிரியர் என்ற முறையில் சில விஷயங்கள். பதிவைக் கேட்டேன், சகோதரி. மெட்டு ஏதோ ஒரு பாமாலை மெட்டின், அதாவது மேல்நாட்டு ஞானப்பாட்டு மெட்டின், சாயலில் இருக்கிறது. அதில்தான் சிக்கல்.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். மலை மாலையாகும், கல் காலாகும், படு பாடாகும். உங்கள் இரண்டாம் அடியில் "துயரங்கள்" என்ற சொல்லின் முதல் எழுத்து நீண்ட ஸ்வரத்தில் விழுகிறது. நீங்கள் பாடும்போது "தூயரங்கள்" என்றே காதில் விழுகிறது. "மறந்து" என்பது "மாறந்து" ஆகிறது. படிக்கத் தெரிந்தவர் புத்தகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். காதால் மட்டும் கற்கிற அந்த அம்மா, கேட்டதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஆகவே அவருக்காக எழுதும்போது இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும். மெட்டு நிற்கிற இடத்தில் நெடிலை வையுங்கள், இல்லாவிட்டால் "கண்", "நின்" மாதிரி ஒற்று அடுத்த குறிலை வையுங்கள். குறில் தனியாக அங்கே நிற்கக் கூடாது.

இது இன்றைய சிக்கல் இல்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மானியரும் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, தங்கள் ஊர் மெட்டிலேயே பாடவைத்தார்கள். பக்தியில் குறைவில்லை. ஆனால் ஜெர்மன் சொல்லின் அழுத்தத்துக்குப் பிறந்த மெட்டு அது. தமிழ்ச் சொல் அதற்குள் ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வந்துதான் அது மாறியது. திருநெல்வேலியில் பிறந்த பையனை ஷ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரி தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். சரபோஜி மன்னரும் ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்தவர்தான். சாஸ்திரியார் என்ன செய்தார் என்றால், ஊரில் ஏற்கெனவே ஜனங்கள் உட்கார்ந்து கேட்கிற வடிவங்களை எடுத்துக்கொண்டார். குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை எல்லாம். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி குறி சொல்கிறாள். பூகோளமும் வானசாஸ்திரமும்கூட அதில் பாடமாக வருகின்றன. ஞானத்தச்ச நாடகம் என்று ஒரு நாடகமும் எழுதினார். பாட்டா, பிரசங்கமா, பாடமா என்று பிரிக்கவே முடியாது.

கீர்த்தனையின் அமைப்பே பிரசங்கத்துக்கு ஏற்றது என்பது என் எண்ணம். பல்லவியில் மைய வசனம். சரணம் ஒவ்வொன்றும் அதன் விளக்கம். ஒவ்வொரு விளக்கம் முடிந்ததும் மறுபடி வசனத்துக்கே திரும்பியாக வேண்டும். பேசுகிறவர் தலைப்பை விட்டு எவ்வளவு தூரமும் போய்விடலாம். பல்லவி பாடுகிறவரைப் போகவிடாது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. சொல் கடினம் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். "கிருபாதாரபலி" (பாவத்தை நீக்குகிற பலி) என்று 1 யோவான் 2:2இல் வருகிறது. வேதபாடத்தில் அதைக் கேட்டு எத்தனை பேர் தலையாட்டுவார்கள், எத்தனை பேருக்குப் புரியும்? கடவுளைக் குறிக்கவே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று முந்நூறு வருடத்தில் நம் சபைகள் பல சொற்களைக் கடந்து வந்திருக்கின்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு "கடவுள்" என்றே வைத்தது. சொல்லை எளிதாக்கலாம். எளிதாக்குவதற்காகக் கதையையே எடுத்துவிட்டால் ஜனங்கள் கையில் என்ன இருக்கும்?

---

பறையோசை

சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னீர்கள், ஐயா. அவருடைய தமிழை நானும் மதிக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சபைக்குள் சாதி வேற்றுமையை விடச் சொல்லிப் புதிய மிஷனரிகள் வந்தபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதவும் செய்தார். கடவுளின் அன்பைப் பற்றி அவ்வளவு அழகாகப் பாடிய வாயிலிருந்து அதுவும் வந்தது. எங்கள் பாட்டன்மார் கோயிலின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது எங்கள் வீட்டில் மறந்துபோகவில்லை.

ஆகவே "நம் மரபு" என்று சொல்லும்போது எல்லோருடைய மரபையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பறட்டை என்ற பெயரில் எழுதியவர், கர்நாடக ராகத்தை விட்டுவிட்டு நாட்டுப்புற மெட்டுக்கு வந்தார். ஆராதனை முறைமை முழுவதையும் கிராமத்துப் பேச்சுத் தமிழில், கிராமத்து இசையில் செய்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதைத் திருவிருந்துக்கு விளக்கமாக வைத்தார். சேர்ந்து சாப்பிடவிடாத ஊரில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய பிரசங்கம் இல்லை.

அவரிடமிருந்து நான் கற்றது ஒன்று. நாட்டுப்புறப் பாட்டுக்கு முடிந்த பிரதி கிடையாது. பாடுகிறவர்கள் மாற்றுவார்கள், மாற்ற விட வேண்டும். அக்கா, உங்கள் பெண்களுக்குப் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே பாடச் சொல்கிறீர்களா, அவர்களும் கை வைக்கிறார்களா?

மெட்டுக்கு ஏன் பாமாலைப் பக்கம் போகிறீர்கள்? அந்த அம்மாவின் ஊர் எது? அவர் நாற்று நட்டிருந்தால் நடவுப் பாட்டு தெரியும். பிள்ளை வளர்த்திருந்தால் தாலாட்டு தெரியும். இழவு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒப்பாரி தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறீர்கள், அவர் தலைக்குள் ஐந்நூறு அடி இருக்கலாம்.

---

அசையும் சீரும்

பறையோசை சொன்னது உண்மை. நான் விட்டுவிட்டது தவறு. சாஸ்திரியாரைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது இனி அதையும் சேர்த்தே சொல்வேன்.

---

மன்னார்க் கரை

வணக்கம். நான் கத்தோலிக்கன். எங்கட பக்கம் வாசாப்பு என்று கூத்து இருக்கிறது. புனிதர்களுடைய சரித்திரத்தை இரவிரவாகப் பாடி ஆடுவார்கள். என்ர அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் பாட்டுகளைப் பாடிப் பாடியே சரித்திரம் முழுதும் சொல்லுவா. பங்குத்தந்தையின் மறையுரையை அவ மறுத்துக் கதைத்ததும் உண்டு, "கூத்தில அப்பிடி இல்லையே சுவாமி" என்று. அக்கா, நீங்கள் செய்கிறது புதுசு இல்லை. விட வேண்டாம்.

---

இறையியல் மாணவன்

"வளைத்துவிடுவீர்கள்" என்ற பெரியவரின் பயத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் உண்டு, அதை ஒதுக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அரியு, குமாரன் பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்ற தன் போதகத்தைப் பாட்டாக்கிப் பரப்பினார். மாலுமிகளும் மாவு அரைக்கிறவர்களும் பாடும்படி எழுதினார் என்று பழைய சரித்திரக் குறிப்பு சொல்கிறது. தவறான உபதேசமும் பாட்டில் ஏறினால் அதே வேகத்தில்தான் போகும்.

ஆனால் அதே நூற்றாண்டில் சிரியாவின் எபிரேம் என்ன செய்தார் என்று பாருங்கள். நிசிபிஸ் ஊர்க்காரர். 363இல் அந்த ஊர் பாரசீகர் கைக்குப் போனதும் எதெஸ்ஸாவுக்கு வந்து, 373இல் அங்கேயே இறந்தார். எதெஸ்ஸாவில் சபை ஏற்காத போதகரான பர்தைசான் என்பவரின் கூட்டத்தார் பாட்டு வழியாகப் பிரபலமாக இருந்தார்கள். எபிரேம் பாட்டைத் தடைசெய்யச் சொல்லவில்லை, அதைவிட நல்ல பாட்டு எழுதினார். அந்த வகைக்கு மத்ராஷா என்று பெயர், போதிக்கிற பாட்டு என்று பொருள். ஒருவர் பாடப் பாட, குழு பல்லவியைத் திரும்பச் சொல்லும். அந்தக் குழுவுக்கு அவர் பெண்களைப் பயிற்றுவித்தார் என்று சிரிய சபை இன்றும் நினைவுகூர்கிறது. சபையில் பெண்கள் வாய் திறந்து உபதேசத்தைப் பாடினார்கள். அக்காவின் முன்னறையை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. சங்கீதம் 119 எபிரெயத்தில் அகரவரிசைப் பாட்டு. 22 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனம், மொத்தம் 176. நம் ஆத்திசூடி மாதிரி. சங்கீதம் 136இல் 26 வசனத்திலும் ஒரே மறுமொழி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் சொல்ல, எல்லோரும் பின்னால் பாட. புத்தகம் கையில் இல்லாத ஜனத்துக்காகவே செய்த வடிவங்கள் இவை.

---

ஓய்வில் ஒரு போதகர்

மூத்த மகனுக்கு வருகிறேன். மகளே, உங்கள் இரண்டாம் சரணத்தில் அவன் உள்ளே வந்து தம்பியைத் தழுவிவிட்டான். லூக்காவில் அவன் உள்ளே வந்தானா? 32ஆம் வசனத்தோடு கதை முடிகிறது. தகப்பன் பேசி முடித்தார். அவன் என்ன செய்தான் என்று இயேசு சொல்லவில்லை. எதிரே நின்ற பரிசேயரும் வேதபாரகரும் அதைச் சொல்ல வேண்டும் என்று கதையை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இவர் பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்கள் அவர்கள்தானே. நீங்கள் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டால் கேள்வி செத்துப்போகும். பெரியவர் சொன்ன "வளைத்தல்" இதுதான். பாட்டு என்பதால் வந்தது இல்லை, நல்ல மனசால் வந்தது. பிரசங்கத்தில் நானும் பல தடவை செய்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 30ஆம் வசனத்தில் மூத்தவன் "உம்முடைய குமாரன்" என்கிறான். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. 32இல் தகப்பன் "உன் சகோதரன்" என்று திருப்பிக் கொடுக்கிறார். அப்புறம் 28ஆம் வசனம்: தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். இளையவனுக்காக ஓடி வந்தவர், மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டு வெளியே வருகிறார். ஒரே நாளில் இரண்டு தடவை. நான் பிரசங்கித்தால் இதற்கு நாற்பது நிமிடம் ஆகும். உங்களால் இரண்டு அடியில் முடியும்.

இளையவனிடமும் ஒன்று இருக்கிறது. கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்க அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்க்கிறான், 19ஆம் வசனம். நேரில் பேசும்போது, 21இல், அந்த வாக்கியம் வரவில்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

---

வியாழன் விளக்கு

ஐயா, இதை வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. உம்முடைய குமாரன், உன் சகோதரன் என்ற வித்தியாசம் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. இப்போது பாட்டுக்காக ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் படுகிறது. வெறுமனே பாடம் எடுத்திருந்தால் "மூத்தவன் கோபப்பட்டான்" என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போயிருப்பேன்.

பறையோசை, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, நான் யாரையும் கை வைக்க விட்டதில்லை. அந்த அம்மாவிடம் நேற்றே ஃபோன் செய்து கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம், நடவுக்குப் போனவர். என்ன பாட்டு தெரியும் என்று கேட்டதும் முதலில் வெட்கப்பட்டார். பிறகு அரை மணி நேரம் பாடினார். ஒரு பெண் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுகிற மெட்டு ஒன்று. இத்தனை நாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று இருக்கிறது.

அந்த மெட்டில் மாற்றி எழுதினேன்:

தூரத்தில் வரும்போதே அப்பா கண்டார் – மனம்
தாளாமல் உருகி அவர் ஓடி வந்தார்

கூலியாள் ஆவேன் என்று சொல்ல வந்தான் – வாய்
கூசி நின்ற பிள்ளைக்கு வேட்டி தந்தார்

"உம்ம மகன் வந்ததுக்கா விருந்து?" என்றான்
"உன் தம்பி வந்தானே, ராசா, வா" என்றார்

வாசலிலே நிற்கின்றான் மூத்த பிள்ளை – அவன்
வருவானோ, மாட்டானோ, நீ சொல்லு

---

அசையும் சீரும்

"தூரத்தில்", "தாளாமல்" – மோனையும் வந்துவிட்டது, முதல் எழுத்து இரண்டும் நெடில், மெட்டு எவ்வளவு இழுத்தாலும் சொல் கெடாது. "உம்ம மகன்", "உன் தம்பி" என்று எதிரெதிராக வைத்ததில் வித்தியாசம் காதிலேயே விழுகிறது. "உம்ம" என்பதைச் சரியான தமிழாக்குகிறேன் என்று திருத்தாதீர்கள், கோபத்தில் ஒருவன் அப்படித்தான் பேசுவான். "வேட்டி" எனக்குப் பிடித்திருக்கிறது. வேதாகமத்தில் உயர்ந்த வஸ்திரம், இருக்கட்டும். பாடம் எடுக்கும்போது அதை வாயால் சொல்லிவிடுங்கள். "நீ சொல்லு" என்ற இடத்தில் தாளத்தை நிறுத்திவிடுங்கள், யாரும் பின்னால் வாங்கிப் பாட வேண்டாம்.

---

கீபோர்டு தம்பி

அக்கா, இந்த ஞாயிறு இதை எங்கள் இளைஞர் கூட்டத்தில் பாடலாமா? கீபோர்டு வேண்டாம், கைதட்டல் மட்டும். பாடிய பிறகு லூக்கா 15ஐத் திறந்து, பாட்டில் இருப்பது வசனத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்லப் போகிறேன். என் நோட்டிலும் ஒரு பாட்டைத் தொடங்கினேன், அப்போஸ்தலர் 16. நடு இரவில் பவுலும் சீலாவும் பாடினதைக் காவலில் வைக்கப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வருகிறதே, அந்தக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பாடுவதாக எழுதுகிறேன். "நான்" என்றே இருக்கும், ஆனால் அதிகாரத்துக்கு உள்ளே நிற்கிற நான்.

---

பறையோசை

தம்பி, எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். அக்கா, அந்த அம்மா பாடிய மற்ற மெட்டுகளையும் அவர் சம்மதத்தோடு பதிவுசெய்து வையுங்கள்.

---

வியாழன் விளக்கு

தம்பி, தாராளமாகப் பாடுங்கள். மெட்டு அந்த அம்மாவுடையது, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நேற்று வியாழன். நடந்ததைச் சொல்கிறேன்.

பாடத்துக்கு முன்பே பாட்டைத் தொடங்கினோம். அடி எடுத்துக் கொடுத்தது நான் இல்லை, அந்த அம்மா. எட்டு அடியும் இரண்டே தடவையில் எல்லோருக்கும் வந்துவிட்டது. பிறகு வேதத்தைத் திறந்து 11ஆம் வசனத்திலிருந்து வாசித்தேன். "உன் சகோதரன்" என்ற இடம் வந்ததும் நான் ஒன்றும் சொல்லாமலே இரண்டு பேர் "ராசா, வா" என்று மெதுவாகப் பாடிவிட்டார்கள். ஒருவர், "வா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதாது, வருந்தி அழைத்தார் என்று இருக்கே" என்று, "வா, வா" என்று இரண்டாக்கினார். அப்படியே வைத்துக்கொண்டோம்.

முடிவில் மறுபடி பாடினோம். கடைசி அடியில் தாளம் நின்றது. யாரும் பேசவில்லை. தையல் கம்பெனியிலிருந்து வருகிற ஒரு பெண், வழக்கமாக வாயே திறக்காதவர், சொந்தத் தங்கையோடு வீட்டுப் பங்கு விஷயத்தில் ஆறு வருடமாகப் பேச்சில்லை என்று எங்களுக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தக் கடைசி அடியை மட்டும் இன்னிக்கு விட்டுருவோம்க்கா, அடுத்த வாரம் பாடுறேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு ஏழு அடியோடு நிறுத்தி ஜெபித்தோம். ஜெபித்தது அவர்தான்.

சபைப் பெரியவரிடமும் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். மூத்த மகன் பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அடுத்த வியாழன் வருகிறேன் என்றிருக்கிறார்.

அடுத்தது லூக்கா 16, அநீதியுள்ள உக்கிராணக்காரன், அதாவது எசமானின் சொத்தை நிர்வகித்தவன். எசமான் அவனை ஏன் புகழ்ந்தார் என்பது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை, அதனால் பல்லவிக்கு எந்த வசனத்தை எடுப்பது என்று தெரியவில்லை. போதகர் ஐயா, கண் வலி குறைந்திருந்தால் முதலில் நீங்கள் சொல்லுங்கள்.